எங்கள் மடிக்கணினிக்குள் இருந்த வேறொரு இலக்கம்

ராகலைக்கு மேலே, தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டிப் போகும் தோட்டப் பாதையில் இருக்கிறது நான் படிப்பிக்கும் பாடசாலை. தகவல் தொழில்நுட்பம் எனது பாடம். கணினி அறை என்று நாங்கள் சொல்வது, முன்பு விளையாட்டுப் பொருட்களும் உடைந்த மேசைகளும் கிடந்த ஒரு நீள அறை. யன்னலுக்குக் கம்பி போட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, சில மேசைக் கணினிகளை அங்கே வைத்தார்கள். அவற்றோடு ஒரு மடிக்கணினியும் உண்டு. கொழும்பில் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கித் தந்தது. கடையில் கொடுத்தபடியே தராமல் நினைவகத்தையும் கூட்டித் தந்திருந்தார்கள். குளிர் கூடிய மாதங்களில் மேசைக் கணினிகள் எழும்புவதற்குள் ஒரு பாடவேளையே முடிந்துவிடும். அப்போதெல்லாம் அந்த மடிக்கணினிதான் கைகொடுக்கும்.

ஒருநாள் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிபரின் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. எல்லாப் பாடசாலைகளும் தங்களிடமுள்ள கணினிகளின் தொடரிலக்கத்தை அனுப்பவேண்டும். ஸ்டிக்கரைப் பார்த்து எழுதியவற்றில் நிறையப் பிழை வருவதால், கணினியிடமே கேட்டு, அது காட்டுவதைப் படம் பிடித்து அனுப்பவேண்டும். எப்படிக் கேட்பது என்பதற்கு ஒரே ஒரு கட்டளையையும் அனுப்பியிருந்தார்கள்.

அதிபர் என்னைக் கூப்பிட்டு, கணினியிடம் கேட்பது என்றால் என்ன என்று விசாரித்தார். கறுப்பு நிறத்தில் ஒரு சாளரம் திறக்கும், அதில் கட்டளையைத் தட்டினால் பதில் எழுத்தில் வரும் என்று விளக்கினேன். சொல்லும்போது தெரிந்தவள் மாதிரித்தான் சொன்னேன். உண்மையில் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்துக்குப் பிறகு நான் அந்தச் சாளரத்தைத் திறந்ததே இல்லை.

முதலில் மேசைக் கணினிகளில் ஆரம்பித்தேன். wmic bios get serialnumber என்று தட்டி எண்டரை அழுத்தினேன். கீழே இலக்கம் எதுவும் வரவில்லை. 'தயாரிப்பாளர் நிரப்பவேண்டியது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. பக்கத்துக் கணினியிலும் அதே வரி. அறையிலிருந்த எல்லா மேசைக் கணினிகளும் ஒன்றுபோல அதையே சொல்லின. நான் ஏதோ பிழையாகத் தட்டுகிறேன் என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் தட்டினேன். கடைசியில் வருவது வரட்டும் என்று படம் பிடித்து அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வலய அலுவலகத்து உத்தியோகத்தர் கோபத்தோடு பேசினார். நிரப்பவேண்டியது என்று தெளிவாகப் போட்டிருக்கிறதே, ஏன் நிரப்பாமல் அனுப்பினீர்கள் என்று கேட்டார். அது எங்களுக்குச் சொல்லப்பட்டது அல்ல, பாகங்களைச் சேர்த்துக் கணினியைப் பூட்டியவர்கள் இலக்கம் எழுதாமல் விட்ட இடம் என்று நான் சொன்னேன். அப்படியானால் யார் நிரப்புவது என்று கேட்டார். மடிக்கணினியின் இலக்கத்தையாவது ஒழுங்காக அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மடிக்கணினியை அதிபரின் அறையில் வைத்தே திறந்தேன். அவரும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டளையைத் தட்டினேன். இந்தச் சொல் எனக்குத் தெரியாது என்று பதில் வந்தது. மேசைக் கணினிகள் எல்லாவற்றுக்கும் தெரிந்த சொல், அவற்றைவிடப் புதிய இந்தக் கணினிக்குத் தெரியவில்லை. இணையத்தில் தேடிப் பார்த்தேன். புதிய விண்டோஸில் அந்தக் கட்டளையை எடுத்துவிட்டார்களாம். அதே சாளரத்தில் powershell என்று தட்டி உள்ளே போய், Get-CimInstance Win32_BIOS என்று கேட்கவேண்டுமாம். முதல் முறை Get என்பதற்குப் பின்னால் வரும் சின்னக் கோட்டைத் தட்டாமல் விட்டுவிட்டேன். சிவப்பு எழுத்தில் பந்தி பந்தியாக ஏதோ வந்து கொட்டியது. அதிபர் கதிரையைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார். இரண்டாவது முறை சரியாகத் தட்டினேன். தொடரிலக்கம் என்ற சொல்லுக்கு நேரே எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசை வந்தது.

அதிபர் மடிக்கணினியை மெதுவாகத் தூக்கிக் கவிழ்த்து, அடியிலிருந்த ஸ்டிக்கரை வாசித்தார். மங்கியிருந்தாலும் வாசிக்க முடிந்தது. அது 7K என்று முடிந்தது. திரையில் இருந்தது 3R என்று முடிந்தது. நடுவிலும் வேறுபாடு இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் இரண்டையும் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"டீச்சர், இது நம்ம ஸ்கூல் கம்ப்யூட்டர்தானா?"

"நம்மளுதுதான் சேர். மூடியில இருக்கிற கீறலு கூட அப்படியே இருக்குங்க."

"அப்போ உள்ளுக்கு இருக்கிறது?"

எந்தக் கட்டளையாவது 7K என்று சொல்லாதா என்ற ஆசையில், தாய்ப்பலகையின் இலக்கத்தைக் கேட்டேன். அது மூன்றாவது ஒன்றைச் சொன்னது. வன்தட்டின் இலக்கத்தைக் கேட்டேன். அது நான்காவது ஒன்றைச் சொன்னது. அந்த இரண்டும் வேறு வேறாக இருப்பது வழக்கம்தான் என்று அதிபருக்குச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றைக் கேட்டால் ஒன்றைச் சொல்லவேண்டியதுதானே என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

விடுமுறைகளில் வினாத்தாள் தயாரிக்க அந்த மடிக்கணினியை நான் வீட்டுக்குக் கொண்டுபோவதுண்டு. அதிபரின் அனுமதியோடுதான். ஆனாலும் தோட்டத்துப் பாதையில் அந்தப் பையோடு நான் நடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இலக்கம் மாறிய கதை அதற்குள் பரவியிருக்கவேண்டும், மறுநாள் ஓய்வறைக்குள் நான் போனதும் பேச்சு நின்றது. ஒரு ஆசிரியை, இப்போதெல்லாம் நல்ல சாமானைக் கழற்றிவிட்டு மட்டமானதைப் போட்டுக் கொடுக்கிறார்களாம் என்று யன்னலைப் பார்த்துக்கொண்டு பொதுவாகச் சொன்னார். யார் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. எனது நியமனத்தை அந்த வருடம்தான் உறுதிப்படுத்தவேண்டியிருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் செய்யாதது எப்படி நடந்திருக்கும் என்று எனக்கே விளங்காதபோது, எதைச் சொல்லி மறுப்பது? சில சமயம், எனக்கே தெரியாமல் எங்கேயாவது மாறியிருக்குமோ, பஸ்ஸில் யாருடைய பையையாவது எடுத்து வந்துவிட்டேனோ என்று கூட யோசித்தேன். அப்படியானால் மூடியில் இருந்த கீறல்? என் கோப்புகள்? எல்லாம் அப்படியே இருக்கின்றனவே.

கோப்புகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. கொஞ்ச மாதங்களாக மடிக்கணினி வேகம் குறைந்திருந்தது. முன்பு படக் காட்சி ஓடும்போதே வேறு வேலை செய்யும். இப்போது திணறியது. மழைக்காலத்தில் அது மின்னேற்றம் ஆகாமல் போனபோது ராகலை டவுனில் உள்ள கடையில் திருத்தக் கொடுத்திருந்தேன். அங்கிருந்து வந்த பிறகுதான் இந்த மந்தம். திருத்திய கணினி அப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை கடைக்குப் போனேன். கடைக்காரரை டவுனில் எல்லோரும், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரது தகப்பன் அதே கடையில் வானொலி திருத்தியவர். இவர் கைபேசியும் கணினியும் திருத்துகிறார். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். மடிக்கணினியை வாங்கி, நான் தட்டிய கட்டளையையே தானும் தட்டினார். அடியில் திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்தார். பிறகு திருகாணிகளைக் கழற்றி அடிமூடியைத் திறந்து, நினைவகம் இருந்த இடத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். ஒரேயொரு துண்டு இருந்தது. எங்களுடையதில் இரண்டு இருக்கவேண்டும்.

நானா பக்கத்துக் கடையில் தேநீர் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகுதான் பேசினார்.

"டீச்சர், கோவிச்சுக்கிறாதீங்க. அன்னைக்கி ஒரே மொடல்ல ரெண்டு மெஷின் இந்த மேசைல தெறந்து கெடந்திச்சி."

நடந்ததை அவர் விளக்கினார். எங்களுடையது மின்னேறாமல் வந்திருந்தது. இன்னொருவருடையது திரை வராமல் வந்திருந்தது. கோளாறு தாய்ப்பலகையிலா, வேறு இடத்திலா என்று கண்டுபிடிக்க, இதன் பலகையை அதில் போட்டும், அதன் பலகையை இதில் போட்டும் பார்த்திருக்கிறார். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். இரண்டு பலகையிலும் பழுதில்லை. மின் செருகும் இடத்திலும், திரைக்குப் போகும் நாடாவிலும்தான் கோளாறு. அவற்றை மாற்றியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிருக்கிறது. கரண்ட் திரும்பி வந்ததும் எந்தப் பலகை எந்தப் பெட்டிக்கு என்று பார்க்காமல் பூட்டியிருக்கிறார். அவரவர் வன்தட்டு அவரவர் பெட்டியில் இருந்ததால், இரண்டிலும் அவரவர் கோப்புகளே திறந்தன. இரண்டும் வேலை செய்தன. யாரும் எதையும் கவனிக்கவில்லை.

"அப்போ இது எங்க கம்ப்யூட்டரா இல்லையா, நானா?" என்று கேட்டேன்.

அவர் திறந்து கிடந்த மடிக்கணினியைப் பார்த்தார். பெட்டி எங்களுடையது, திரை எங்களுடையது, வன்தட்டு எங்களுடையது என்றார். பலகையும் அதில் செருகியிருக்கும் நினைவகமும்தான் மற்றவருடையவையாம். ஆனால் கணினியிடம் நீ யார் என்று கேட்டால் பதில் சொல்வது பலகையாம். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. திருட்டுப் பேச்சிலிருந்து தப்பினேன் என்ற நிம்மதியும் முழுதாக வரவில்லை. நானா சொல்வது ஊகம்தானே. மற்றக் கணினியிடம் கேட்டால் அது 7K என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால்?

மற்றக் கணினி கந்தப்பளையில் ஒரு சிங்கள அம்மாவுடையது. நானா தொலைபேசியில் அழைத்தார், அவர் எடுக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு வர முடியாது என்று இடத்தைச் சொல்லி என்னை அனுப்பினார்.

பஸ்ஸை விட்டு இறங்கி, லீக்ஸ் பாத்திகளுக்கு நடுவே சறுக்கும் பாதையில் இறங்கிப் போனேன். பனிமூட்டத்தில் வீடு கிட்டப் போகும்வரை தெரியவில்லை. அந்த அம்மா சணல் சாக்கொன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு கரட் கழுவிக்கொண்டிருந்தார். ராகலைக் கடையிலிருந்து வருகிறேன் என்றதும், கணினி நல்லா வேலை செய்கிறது, நானாவுக்கு நன்றி சொல்லுங்கள் என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். நான் அவரை அக்கே என்று கூப்பிட்டேன். அவர் என்னைத் தங்கை முறை வைத்து நங்கி என்றார்.

உள்ளே கூட்டிப்போய் தேநீர் தந்தார். அது அவருடைய கணவரின் மடிக்கணினி. கணவர் இறந்துவிட்டார். அவருடைய படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. கைபேசியில் இருந்தவை கைபேசியோடு தொலைந்துவிட்டனவாம். மகன் கொரியாவில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கணினியில்தான் மகனின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். முன்பு முகம் அப்படியே உறைந்து நிற்குமாம், குரல் மட்டும் வருமாம். நானா திருத்திக் கொடுத்த பிறகு ஒரு தடவையும் உறையவில்லையாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் பிள்ளைகளின் நினைவகத் துண்டு எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கிவிட்டது.

ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். கடவுச்சொல்லை அவரே தட்டித் திறந்து தந்தார். நான் கறுப்புச் சாளரத்தைத் திறந்து கட்டளையைத் தட்டினேன். இந்தத் தடவை அந்தச் சின்னக் கோட்டை மறக்கவில்லை. 7K என்று முடிந்தது. எங்கள் ஸ்டிக்கரைப் படம் பிடித்து வைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்தக் கணினியைக் கவிழ்த்து அடியில் வாசித்தேன். அதில் 3R இருந்தது.

அக்காவுக்கு விளக்குவது பெரிய பாடாகப் போனது. வகுப்பில் தமிழில் விளக்கவே தடுமாறும் ஒன்றை நான் சிங்களத்தில் விளக்கவேண்டியிருந்தது. இதற்குள் இருக்கும் பலகை எங்கள் பாடசாலையுடையது, உங்களுடையது எங்களிடம் இருக்கிறது என்றேன். அப்படியானால் என் கணவரின் கணினி உங்கள் பாடசாலையிலா இருக்கிறது என்று கேட்டார். இல்லை, இதுதான் அவருடையது, படங்களும் இதில்தான் இருக்கின்றன, ஆனால் இந்தக் கணினி தன்னைப் பாடசாலைக் கணினி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் சொன்னதை நானே ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எனக்கே சரியாகப் படவில்லை.

மறுபடியும் கடைக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது என்றேன். போன தடவையும் ஒன்றும் ஆகாது என்றுதான் சொன்னார்கள் என்றார் அவர். அதில் நியாயம் இருந்தது. கணினியை மூடி, பூப்போட்ட துணியால் அதைப் போர்த்திவிட்டார். வேலை செய்கிற ஒன்றை ஏன் திறக்கவேண்டும், நங்கி என்று கேட்டார். நான் நினைவகத் துண்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வாசல்வரை வந்து, ஒரு கட்டு லீக்ஸ் கையில் தந்து அனுப்பினார். வேண்டாமென்றும் சொல்லமுடியவில்லை, வாங்கவும் மனம் வரவில்லை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை அதிபரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நடுவில் பல தடவை நிறுத்தச் சொன்னார். எந்தப் பெட்டியில் எந்தப் பலகை என்பதைக் கடதாசியில் இரண்டு சதுரம் கீறிக் காட்டினேன். அவர் அந்தக் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்போது அந்த அம்மாவின் கணினியை வாங்கிக்கொண்டு நம்முடையதைக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டார். அப்படிச் செய்தால் திரையில் வரும் இலக்கம் சரியாக இருக்கும், அடியில் இருக்கும் ஸ்டிக்கர் பிழையாகிவிடும் என்றேன். அவர் ஸ்டிக்கரை உரித்து ஒட்டமுடியாதா என்று ஆரம்பித்து, தானே வேண்டாம் என்று கையை அசைத்தார்.

அந்த வாரத்திலேயே, நாங்கள் எதிர்பாராமல், நானாவிடமிருந்து அழைப்பு வந்தது. அக்கா கணினியோடு கடைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றார். மகனிடம் பேசும்போது விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அது பிள்ளைகளுடைய சாமான், கொடுத்துவிடுங்கள் என்று மகன் சொன்னானாம். பாடசாலை விட்டதும் நான் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அதிபரும் கூடவே வந்தார். பாடசாலைச் சொத்து என்பதால் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றார்.

கடையில் நாலு பேர் உட்கார இடமில்லை. அதிபர் கண்ணாடி அலுமாரியில் சாய்ந்து நின்றார். அக்கா ஒரு நிபந்தனையோடு வந்திருந்தார். படங்கள் எதற்குள் இருக்கின்றனவோ அதை முதலில் கழற்றித் தன் கையில் தரவேண்டும். எல்லாம் முடியும்வரை அது தன்னிடமே இருக்கும். நானா ஒத்துக்கொண்டார். அவருடைய கணினியைத் திறந்து, வன்தட்டைக் கழற்றிக் கொடுத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய, மெல்லிய சாமான். அக்கா அதைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். இவ்வளவுதானா என்று மெதுவாகக் கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. இவ்வளவுதான் என்று நான் சிங்களத்தில் சொன்னேன்.

நானா இந்தத் தடவை ஒரு பெட்டியை மேசையின் இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் வைத்து, நடுவில் ஒரு துவாயை விரித்தார். ஒவ்வொரு பலகையையும் எடுக்கும்போது எது யாருடையது என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எடுத்தார். அதிபர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வேலையில், இப்போது இது எந்தப் பக்கம் என்று அவரே கேட்டார். நானா காட்டினார். வெளியே மழை பிடித்திருந்தது. விளக்கு ஒருமுறை மங்கியபோது எங்கள் எல்லோரின் பார்வையும் மேலே போனது. மின்சாரம் நிற்கவில்லை.

கடைசியாக நானா அக்காவிடம் வன்தட்டைக் கேட்டார். அவர் கைக்குட்டையைப் பிரித்து, இரண்டு கையாலும் கொடுத்தார். பூட்டி முடித்ததும் கணினி திறந்தது, படங்கள் இருந்தன. சாரம் கட்டிய ஒரு மனிதர் கரட் பாத்தியில் நின்று சிரிக்கும் படத்தை அக்கா எங்களுக்குக் காட்டினார். நானா அந்தப் படங்கள் எல்லாவற்றையும் ஒரு பென்ட்ரைவில் போட்டு அவர் கையில் கொடுத்தார். இனிமேல் மகனின் முகம் உறைந்து நிற்குமே என்று நான் தயங்கித் தயங்கி நானாவிடம் தமிழில் சொன்னேன். அவர் ஏற்கெனவே யோசித்திருக்கிறார். இழுப்பறையிலிருந்து ஒரு நினைவகத் துண்டை எடுத்து அக்காவின் கணினியில் செருகினார்.

"இது எம் பக்கத்துப் பெழ. நீங்க அவங்களுக்கு ஒன்னும் சொல்ல வேணாம் டீச்சர்," என்றார்.

ஆனால் அக்காவுக்கு ஏதோ விளங்கியிருக்கவேண்டும். புறப்படும்போது என் கையைப் பிடித்து, அன்றைக்கே சொல்லியிருக்கலாமே நங்கி என்றார். எதைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை அதிபரின் அறையில் கட்டளையைத் தட்டினேன். 7K என்று வந்தது. அதிபர் ஒவ்வொரு எழுத்தாக உரக்க வாசிக்க, நான் ஸ்டிக்கரோடு ஒத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. படம் பிடித்து அனுப்பினோம். அதிபர் எனக்கும் சேர்த்துத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

தேநீர் முடிவதற்குள் உத்தியோகத்தர் அழைத்தார். எங்கள் பாடசாலைக்கு அவர்களிடம் இருக்கும் இலக்கம் இது இல்லை என்றார். எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில் அவர்களிடம் ஆங்கில எழுத்து ஓ இருந்தது. எங்கள் திரையில் அந்த இடத்தில் பூச்சியம். ஸ்டிக்கரைப் பார்த்து யாரோ பூச்சியத்தை ஓ என்று எழுதியிருக்கிறார்கள். ஸ்டிக்கரில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. திரையில் தெரியும், பூச்சியத்தின் குறுக்கே ஒரு சின்னக் கோடு இருக்கும் என்றேன்.

அதிபர் திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு கவலையோடு என்னிடம் சொன்னார்.

"டீச்சர், அதத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன். அந்த எடத்துல வெட்டிப் போட்டிருக்கே."

பிழை என்று கணினியே வெட்டிவிட்டதாக அவர் நினைத்திருக்கிறார். பூச்சியத்தை இப்படித்தான் எழுதும் என்று விளக்கினேன். உத்தியோகத்தரும் மறுமுனையில் அதையே கேட்டார், வெட்டிய இலக்கத்தை எப்படி ஏற்றுக்கொள்வது என்று. அவருக்கும் விளக்கினேன். கடைசியில், திருத்துவதென்றால் மேலே கேட்கவேண்டும், இப்போதைக்கு ஓ என்றே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

எனது அடையாள அட்டையிலும் என் பெயர் சிங்களத்தின் வழியாகப் போய்த் தமிழுக்குத் திரும்பி வந்து, ஒரு எழுத்து மாறித்தான் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் வேறு. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து வைத்திருக்கிறேன். மடிக்கணினிக்கு அப்படி முடிக்க முடியுமா என்று அதிபரிடம் கேட்க நினைத்தேன். அவர் வேடிக்கை என்று எடுத்துக்கொள்வாரோ, நிஜமாகவே முடித்துத் தரச் சொல்வாரோ என்று தெரியாததால் கேட்கவில்லை.

மடிக்கணினியைப் பையில் வைத்தேன். அதிபர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"டீச்சர், அன்னைக்கி நான் அப்படிக் கேட்டது..."

இரண்டாம் பாடவேளைக்கு மணி அடித்தது. அவர் மீதியைச் சொல்லாமல் மேசையிலிருந்த தேநீர்க் கோப்பைகளை ஒதுக்கினார். நான் பரவாயில்லை சேர் என்றேன். என்ன சொல்ல வந்தார் என்று தெரியாமலேதான் சொன்னேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கணினி அறை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.